தாழ்த்திய பழைய கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? அலைன்மெண்டுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு மாருதி ஜென். எனக்கு முன் வைத்திருந்தவர் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தார். நிற்கும்போது பார்க்க அழகு. ஓட்டினால் இடது பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுத்தால் நூறு அடி போவதற்குள் சாலையோர மண்ணில் இறங்கிவிடும். வாங்கிய இரண்டு மாதத்தில் மூன்று முறை வீல் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரி செய்வது) செய்தேன். மூன்று முறையும் திரையில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) என்ற வரி பச்சையாக வந்தது. சிவப்பாக நின்ற மற்ற வரிகளைப் பற்றிக் கேட்டபோது, "தாழ்த்திய வண்டிக்கு அப்படித்தான் சார் வரும்" என்றார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

அலைன்மெண்ட் இயந்திரம் கோணத்தை மட்டுமே அளக்கும். வண்டி அசையாமல் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் சக்கரம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். புஷ் என்ற ரப்பர் துண்டு கிழிந்திருக்கிறதா, சக்கரம் திரும்ப உதவும் பந்து மூட்டான பால் ஜாயின்ட் ஆடுகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆட்டம் உள்ள வண்டியில் எத்தனை முறை கோணத்தைச் சரி செய்தாலும், அந்த அளவு முதல் பள்ளம் வரைதான் தாங்கும். ஆகவே அலைன்மெண்ட் கடைசி வேலை. அதற்கு முந்தைய வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே செய்யலாம். தேவையானவை: ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், அளவு நாடா, டார்ச், இரண்டடி நீளமுள்ள இரும்புக் கம்பி, ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள். ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். அது எதற்கென்று கடைசியில் தெரியும்.

தாழ்த்துவது சட்டப்படி சரியா என்பது வேறு விவகாரம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இங்கே நான் பேசுவது, ஏற்கெனவே தாழ்த்தப்பட்டுக் கைக்கு வந்த வண்டியைப் பற்றி.

தாழ்த்தினால் என்ன மாறுகிறது

ஜென், 800, ஆல்டோ, சான்ட்ரோ போன்ற சிறிய கார்களின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட், கீழே சக்கரத்தை உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம், பக்கவாட்டில் ஸ்டீயரிங்கிலிருந்து வரும் டை ராட். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துபவை இந்த மூன்றும்தான். உடல் கீழே இறங்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை உடலை ஒப்பிட மேலே ஏறுகிறது. ஒரு அளவு வரை சக்கரத்தின் தலை உள்ளே சாயும். இதுதான் நெகடிவ் கேம்பர். ஆர்ம் அந்த அளவைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், பள்ளத்தில் அமுங்கும்போது கேம்பர் கூடுவது நின்று, திரும்பிப் போகத் தொடங்கும். டை ராடும் லோயர் ஆர்மும் வெவ்வேறு சாய்வில் நிற்பதால், ஒவ்வொரு குலுக்கலிலும் டோ மாறும். மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் எகிறுகிறது என்றால் காரணம் இதுவே.

இவை எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக நடந்தால் வண்டி இழுக்காது. டயர் சீக்கிரம் தேயும், பயணம் முரடாக இருக்கும், அவ்வளவுதான். இழுக்கிறது என்றால் இடதும் வலதும் ஒன்றாக இல்லை என்று பொருள். நீங்கள் தேடப்போவது அந்த வேறுபாட்டைத்தான்.

முதலில், இழுப்பு எந்த வகை?

மெக்கானிக்கிடம் போய் "வண்டி இழுக்கிறது" என்று மட்டும் சொல்வது, மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று சொல்வதைப் போன்றது. ஓட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றாமல் போகும்போது இழுத்தால் டயர், கேம்பர், கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு), பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றில் ஒன்று. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் சந்தேகப்படுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம் என்று மாறி மாறிப் போனால் புஷ் போய்விட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எஞ்சின் மவுண்டையும் ஒருமுறை பார்க்கவும். இடது பக்கம் திரும்பிய பிறகு இடது பக்கமே இழுத்து, வலது பக்கம் திரும்பிய பிறகு வலது பக்கம் இழுத்தால், எங்கோ ஒன்று இறுகிப் போயிருக்கிறது. பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங், சில வேளை ஸ்டீயரிங் தண்டின் ஜாயின்ட். ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறது, ஆனால் வண்டி நேராகத்தான் போகிறது என்றால் அது இழுப்பே அல்ல. டை ராடு இரண்டும் சமமாக வைக்கப்படவில்லை, அல்லது பின் ஆக்சில் கோணலாக இருக்கிறது.

சாலையையும் நம்பாதீர்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சுமார் இரண்டு சதவீதம் சரிந்திருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் எந்தக் காரும் கொஞ்சம் இடது பக்கம் நகரத்தான் செய்யும். நான்கு வழிச்சாலையில் வலது ஓரப் பாதைக்குப் போய்ச் சோதித்தாலும் பயனில்லை. அந்தப் பக்கம் முழுவதும் ஒரே திசையில்தான் சரிந்திருக்கும். ஆளில்லாத அகலமான தளம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். நான் போனது ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம், முகூர்த்தம் இல்லாத நாள். சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதே கோட்டின் மேல் ஒருமுறை இப்படியும் ஒருமுறை எதிர்த்திசையிலும் மெதுவாக ஓட்டினேன். இரண்டு முறையும் ஓட்டுநருக்கு இடது பக்கமே போனால் குறை வண்டியில். ஒருமுறை இடது, மறுமுறை வலது என்றால் குறை தரையில். என் வண்டி இரண்டு முறையும் இடது பக்கம்தான் போனது.

டயர்

காற்று அழுத்தத்தை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பாருங்கள். காற்று குறைந்த பக்கம் இழுக்கும். இதைச் சரி பார்க்காமல் பட்டறைக்குப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து, முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி அதே கோட்டில் ஓட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் குறை டயரில். உள்ளே இருக்கும் எஃகு இழைப் பட்டை மையம் விலகி அமைந்த டயர், பார்வைக்குச் சரியாக இருந்தாலும் கூம்பு போல உருளும். ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய டயர் என்றால், பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். அவற்றை இடது வலது மாற்றாமல் முன்னும் பின்னும் மாற்றுங்கள். நான் மாற்றியபோது இழுப்பு "கொஞ்சம் குறைந்த மாதிரி" இருந்தது. நோட்டில் அப்படியே எழுதிவிட்டு, மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். டயர்களையும் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காகத் தடவிப் பாருங்கள். மெதுவாக, கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கை கிழியும். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் டோ தவறு. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது பல் குத்தினால் டோ-அவுட் (சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பியது), உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது குத்தினால் டோ-இன் (உள்ளே திரும்பியது). உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள். கேம்பர் தனியாக அவ்வளவு சீக்கிரம் டயரைத் தின்பதில்லை. நெகடிவ் கேம்பருடன் டோ-அவுட்டும் சேர்ந்தால்தான் சில ஆயிரம் கி.மீ.யில் கம்பி வெளியே வரும். டயரில் அங்கங்கே கிண்ணம் போலக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது, அல்லது பேலன்ஸ் இல்லை.

அகலமான டயரும், ரிம்மை வெளியே தள்ளும் ஸ்பேசரும் போட்ட வண்டி சாலையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு அலையும். அது பழுதல்ல, தேர்வு. பழைய ரிம் கிடைத்தால் ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

அளவு நாடா சொல்வது

சமதளத்தில் நிறுத்தி, வண்டியை நான்கு மூலையிலும் அமுக்கி விட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு நெருக்கமாக வேறுபாடு இருந்தால் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். மட்கார்டு விபத்தில் தட்டி நிமிர்த்தப்பட்டதாகவும் இருக்கலாம். கதவு இடைவெளிகளைப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளங்கள். ஐந்தாறு மி.மீ.க்கு மேல் வேறுபட்டால், ஏதோ ஒரு சக்கரம் பின்னே தள்ளப்பட்டிருக்கிறது. பள்ளத்தில் பலமாக மோதி வளைந்த ஆர்ம், கிழிந்த புஷ், நகர்ந்த பின் ஆக்சில் என்று காரணங்கள் பல. செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு வியப்பு. என் வண்டியில் இடது பக்கம் 7 மி.மீ. குறைவாக இருந்தது, மட்கார்டு உயரம் அதே இடது பக்கம் 8 மி.மீ. அதிகம். இரண்டையும் வட்டமிட்டு வைத்தேன்.

பிரேக்

பத்து கி.மீ. போல பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு ரிம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. காலிப்பரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ரப்பர் குழாயின் உட்சுவர் வீங்கி எண்ணெயைப் போக விட்டுத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். இரண்டாவது வகையை வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வயது பதினைந்தைத் தாண்டிய வண்டியில் குழாய்களைக் கேள்வி கேட்காமல் மாற்றுவதே என் வழக்கம்.

தூக்கிப் பார்ப்பது

தாழ்த்திய வண்டியின் அடியில் ஜாக்கி நுழையாது. இரண்டு அங்குலப் பலகை இரண்டை முன் சக்கரங்களுக்கு எதிரே வைத்து, வண்டியை அதன் மேல் ஏற்றினால் இடம் கிடைக்கும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய பிறகு ஸ்டாண்டை உடலின் பலமான விளிம்பில் வைத்து, வண்டியை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ கொடுக்காதீர்கள். ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே இருக்கும் நட்டை எக்காரணம் கொண்டும் வீட்டில் கழற்ற வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் அதற்குப் பின்னால் காத்திருக்கிறது.

சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது அதற்கு மேலே ஏதோ. பிறகு இடது வலது ஓரங்களில் கை வைத்து ஆட்டுங்கள். இது டை ராட் எண்டையும், ஸ்டீயரிங் ரேக்கின் ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும் உள் ஜாயின்டையும் காட்டும். உறையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டச் சொன்னால், உள்ளே நடக்கும் தட்டல் விரலுக்குத் தெரியும்.

வண்டியைத் தரையில் இறக்கியும் ஒரு சோதனை உண்டு. தூக்கிப் பார்ப்பதைவிட இதுவே நல்லது. உதவியாளர் ஸ்டீயரிங்கை இரண்டு விரல்கடை அளவுக்கு இடதும் வலதுமாக விடாமல் ஆட்டட்டும். நீங்கள் டார்ச்சுடன் ஒவ்வொரு ஜாயின்டாகப் பாருங்கள். ஜாயின்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதமாக நகர்ந்தால் அதுதான் ஆள். எடை தாங்கியிருக்கும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை.

பால் ஜாயின்டின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தாழ்த்திய வண்டியில் அதன் தண்டு எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்பதால் மூடி ஒரே இடத்தில் இழுபட்டுக் கிழியும். மண் உள்ளே போனால் பிறகு நாள்தான் கணக்கு. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உறையையும் அப்படியே பார்க்கவும்.

புஷ்: அதிகம் கவனிக்க வேண்டிய இடம்

லோயர் ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் துண்டுதான் புஷ். பெரும்பாலான சிறிய கார்களில் ஒரு ஆர்முக்கு முன்னும் பின்னுமாக இரண்டு. மாருதி 800 போன்ற சிலவற்றில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியே ஆர்மை முன்பின் நகராமல் பிடிக்கும். அங்கே அந்தக் கம்பியின் புஷ்களும் இதே முக்கியத்துவம் பெறும்.

இந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்று சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும். ஆர்மின் போல்ட்டை எந்த உயரத்தில் முறுக்கினார்களோ, அந்த உயரம்தான் ரப்பருக்கு ஓய்வு நிலை. ஸ்பிரிங்கை வெட்டி மாட்டுபவர் பெரும்பாலும் இந்தப் போல்ட்டைத் தொடுவதே இல்லை. ஆகவே வண்டி தரையில் சும்மா நிற்கும்போதும் புஷ் முறுக்கிய துணியாக நிற்கிறது. ஒவ்வொரு பள்ளமும் அதை மேலும் முறுக்குகிறது. புது புஷ் போட்ட சில மாதத்தில் மறுபடி கிழிந்தது என்று புலம்புபவர்களிடம், போல்ட்டை எப்போது இறுக்கினீர்கள் என்று கேளுங்கள். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருப்பார்கள்.

பார்க்கும் முறை எளிது. கம்பியை ஆர்முக்கும் உடல் தாங்கிக்கும் இடையில் நுழைத்து மிதமாக நெம்புங்கள். கொஞ்சம் அசைவது ரப்பரின் இயல்பு. உலோகம் உலோகத்தைத் தொடும் அளவுக்கு அசைந்தால் புஷ் முடிந்தது. மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் பயப்பட வேண்டாம், வயதானால் வரும். ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்திருந்தால்தான் கவலை. என் இடது பக்கப் பின் புஷ்ஷில் டார்ச் அடித்தபோது, ரப்பருக்கும் உள்குழாய்க்கும் நடுவே மூன்றாம் பிறை போல ஒரு இடைவெளி தெரிந்தது. கம்பியால் நெம்பியதும் பிறை அரைநிலா ஆனது, கறுப்புத் தூள் முகத்தில் கொட்டியது. அந்த 7 மி.மீ. எங்கே போனது என்று அப்போது புரிந்தது. பிரேக் மிதிக்கும்போது சக்கரம் முழுதாகப் பின்னே நகர்ந்துகொண்டிருந்தது.

மாற்றும்போது மூன்று விஷயங்கள். சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். லேத் பட்டறையில் பிரஸ் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். ரப்பரில் வெற்றிடப் பள்ளங்கள் உள்ள புஷ் என்றால், பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் ஏற வேண்டும். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, போல்ட்டை விரலிறுக்கமாக மாட்டி, வண்டியைச் சக்கரங்களின் மேல், பலகையின் மேலேயே என்றாலும் சரி, முழு எடையோடு நிறுத்தி, அமுக்கி ஆட்டி, அதன் பிறகே முறுக்க வேண்டும். பட்டறையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.

ஸ்ட்ரட், ஸ்பிரிங், மேல் மவுண்ட்

வண்டியின் மூலையை அமுக்கி எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை, தாழ்த்திய வண்டியில் உதவாது. வெட்டிய ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால் ஓய்ந்த ஷாக் அப்சார்பரும் நல்லது போலவே நடிக்கும். எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருக்கிறதா, பம்ப் ஸ்டாப் ரப்பர் நொறுங்கியிருக்கிறதா, தண்டில் கீறல் உண்டா என்று கண்ணால் பாருங்கள். பம்ப் ஸ்டாப் ஒரு பக்கம் மட்டும் சிதைந்திருந்தால், அந்தப் பக்கம் அடிக்கடி கடைசி வரை இடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்பிரிங்கில் வெட்டிய முனையைத் தேடுங்கள். கேஸ் வைத்து வெட்டியிருந்தால் முனை உருகி வழிந்த மாதிரி இருக்கும். அந்த வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு மற்றதைச் சரி செய்ய மெனக்கெட வேண்டாம். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் சுழற்ற முடிகிறதா, இருக்கையிலிருந்து விலகுகிறதா என்றும் பாருங்கள். விலகினால் அது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். உயரமும் கோணமும் நாளுக்கு ஒன்றாக இருக்கும். சுற்றுகளை இரண்டு பக்கமும் எண்ணுங்கள். என் வண்டியில் இடது ஸ்பிரிங் கால் சுற்று நீளமாக விடப்பட்டிருந்தது. அந்த 8 மி.மீ.க்கு விடை கிடைத்தது.

மேல் மவுண்ட் பேரிங்குக்கு: வண்டி தரையில் நிற்க, உதவியாளர் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பட்டும். நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் விரலை லேசாக வைத்திருங்கள். சுற்றுகளுக்கு நடுவே வேண்டாம். சீராகச் சுழன்றால் நல்லது. முறுக்கிக்கொண்டே போய் 'டங்' என்று விடுபட்டால் பேரிங் இறுகிவிட்டது. திரும்பிய பக்கமே இழுக்கும் நோய்க்கு இதுதான் முதல் சந்தேகம்.

ஸ்ட்ரட்டின் அடியில், சக்கரத் தாங்கியோடு அதைச் சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. போல்ட்டைவிட ஓட்டை கொஞ்சம் பெரிது. முறுக்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே தள்ளப்பட்டிருந்தால் ஒரு கேம்பர், வெளியே இழுக்கப்பட்டிருந்தால் வேறு கேம்பர். அரை டிகிரி வரை இங்கேயே வந்துவிடும். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டியவர் இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் வேறு மாதிரியும் இறுக்கியிருந்தால், பிரச்சினை அங்கேயே பிறந்துவிடுகிறது.

பின்பக்கம்

ஜென்னின் பின்பக்கம் ஒற்றை ஆக்சில். இரண்டு கைகள் முன்பின் பிடிக்கின்றன, குறுக்கே ஒரு கம்பி பக்கவாட்டில் பிடிக்கிறது. தாழ்த்தும்போது குறுக்குக் கம்பி வில் போல நகர்ந்து ஆக்சிலைச் சில மி.மீ. ஒரு பக்கம் தள்ளும். ஒரு பின் டயர் மட்டும் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்ப்பது இதனால்தான். அதனால் வண்டி இழுக்காது. ஆனால் முன்பின் கைகளின் புஷ் போய் ஆக்சில் கோணலானால் வண்டி நண்டு போல உடலைச் சாய்த்து ஓடும். நேராகப் போக ஸ்டீயரிங்கைக் கோணலாகவே பிடிக்க வேண்டியிருக்கும்.

இப்போது அலைன்மெண்டுக்குப் போகலாம்

தேய்ந்தவற்றை மாற்றி, ஸ்பிரிங்கை ஜோடியாகச் சரி செய்து, இருநூறு கி.மீ. ஓட்டி உட்கார விட்ட பிறகு போங்கள். பாதித் தொட்டி பெட்ரோல், டிக்கியில் வழக்கமான சுமை, சரியான காற்று. பின்பக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். முதலில் கேம்பர், பிறகுதான் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. வேலைக்கு முன்பும் பின்பும் உள்ள அளவுகளை அச்செடுத்து வாங்குங்கள்.

அச்சைப் படிப்பது எப்படி? ஒரு நாணயத்தைச் சாய்த்து உருட்டிப் பாருங்கள். சாய்ந்த பக்கமே வளைந்து போகும். சக்கரமும் அப்படியே. இரண்டு பக்கமும் சமமாக உள்ளே சாய்ந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஒன்று அதிகமாகச் சாய்ந்து மற்றது நிமிர்ந்து நின்றால், வண்டி நிமிர்ந்த சக்கரத்தின் பக்கம் போகும். வேறுபாடு அரை டிகிரியைத் தாண்டினால் கையில் தெரியும். கேஸ்டர் என்பது சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வது போன்ற சாய்வு; அது குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும். முன் டோ தவறாக இருந்தால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாகும், ஆனால் இழுப்புக்கு அது அரிதாகவே காரணம். டோவை மட்டும் மூன்று முறை சரி செய்து நான் ஏன் வீடு திரும்பினேன் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

தாழ்த்திய வண்டிக்குக் கேம்பர் ஆலை அளவுக்கு வெளியே இருப்பது இயல்பு. ஒரு டிகிரி நெகடிவ், சற்றுக் கூடவும் ஏற்கலாம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், டோ பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். திரையில் சிவப்பா பச்சையா என்று பார்க்காமல், இடதையும் வலதையும் கழித்துப் பாருங்கள்.

என் பழைய அச்சுகள் மூன்றும் டேஷ்போர்டு அறைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் ஏறக்குறைய அதே எண்கள்: இடது கேம்பர் மைனஸ் 10 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்), வலது மைனஸ் 1 டிகிரி 25 நிமிடம். இடது கேஸ்டர் அரை டிகிரி குறைவு. கால் சுற்று நீண்ட ஸ்பிரிங், கிழிந்த புஷ், வெளியே இழுத்து இறுக்கப்பட்ட இரண்டு போல்ட்டுகள். மூன்றும் சேர்ந்து வண்டியை இடது பக்கம் இழுத்திருக்கின்றன.

ஒரே அளவுள்ள ஸ்பிரிங் ஜோடி, நான்கு புஷ், போல்ட்டுகளைத் தளர்த்தி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ளே தள்ளி இறுக்கியது என்று ஒரு வார வேலை. இடது மைனஸ் 55 நிமிடம், வலது மைனஸ் 1 டிகிரி 5 நிமிடம் என்று வந்தது. மண்டபத்துக்குப் போய்ச் சுண்ணக்கட்டிக் கோட்டின் மேல் ஓட்டினேன். இடது பக்க இழுப்பு போய்விட்டது. ஆனால் இப்போது மிக லேசாக வலது பக்கம் நகர்ந்தது.

நோட்டைப் புரட்டினேன். "டயர் மாற்றிய பின் கொஞ்சம் குறைந்த மாதிரி." மாற்றிய டயர்கள் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தன. மனப்பிரமை இல்லை, ஒரு டயர் தானும் இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் மற்ற கோளாறுகளோடு சேர்ந்து இடது பக்கம், இடம் மாறிய பின் அவற்றுக்கு எதிராக வலது பக்கம். அதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, பின் டயர் ஒன்றை முன்னால் கொண்டு வந்தேன். மறுபடி கோட்டின் மேல் இரண்டு திசையிலும் ஓட்டி, போல்ட்டுகளை இருநூறு கி.மீ. கழித்து ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று நோட்டின் அடுத்த வரியில் எழுதிக்கொண்டேன்.